ஒரே ஒரு லாகினைப் பின்தொடருங்கள்: எஸ்சி-300 எழுதிய அனுபவம்

எஸ்சி-300 என்ற மைக்ரோசாஃப்ட் தேர்வை (லாகின், அனுமதி நிர்வாகத்துக்கான சான்றிதழ்) முதல் முறை எழுதியபோது நான் தேர்ச்சி பெறவில்லை. 1000க்கு 700 வேண்டும், எட்டவில்லை. 24 மணி நேரம் கழிந்தால் மறுபடி எழுதலாம் என்பது விதி. நான் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டு, படிக்கும் முறையையே மாற்றினேன். நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கும் லாகின் ஏற்பாட்டைக் கிளவுடோடு இணைக்கும் பகுதியில்தான் முதல் முறை சறுக்கினேன். இரண்டாம் முறை கைகொடுத்ததும் அதே பகுதிதான். அதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் முறை நான் படித்ததெல்லாம் பெயர்கள். சாம்எல் (லாகின் ஆன செய்தியை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் நெறிமுறை) என்றால் இது, ஓஆத் (அனுமதி கொடுக்கும் நெறிமுறை) என்றால் இது, ஸ்கிம் (கணக்குகளைத் தானாக உருவாக்கி நீக்கும் நெறிமுறை) என்றால் இது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி மனப்பாடம் செய்தேன். தேர்விலோ ஒரு சூழ்நிலையைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்கிறார்கள். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் நானே அமைத்த ஓர் உதாரணம் தருகிறேன். ஒரு நிறுவனம் தன் உள் சர்வரில் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஊழியர்களுக்கு லாகின் நேரம் வகுத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு வெளியே யாரும் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் லாகின் சேவையான என்ட்ரா ஐடி வழியாகவும் நுழையக் கூடாது. எப்படி இணைப்பீர்கள்?

பாஸ்வேர்டு ஹாஷ் சிங்க் என்றால் தவறு. ஏன் தவறு என்று புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. அந்த முறையில் உள் சர்வரில் இருக்கும் ஹாஷை (பாஸ்வேர்டைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவம்) எடுத்து, சால்ட் (தற்செயலான கூடுதல் தரவு) சேர்த்து, மறுபடி ஹாஷ் செய்து மேலே அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டு மாற்றங்கள் 2 நிமிடத்துக்கு ஒரு முறை போகின்றன. கணக்கு முடக்கப்பட்டதா போன்ற விவரங்கள் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான். லாகின் நடக்கும்போது கிளவுடே சரிபார்த்து முடித்துவிடுகிறது, உள் சர்வரை யாரும் கேட்பதில்லை. அதனால் நேரக் கட்டுப்பாடு அங்கே செல்லாது. பாஸ்-த்ரூ ஆத்தென்டிகேஷனில் ஒவ்வொரு முறையும் கேள்வி உள்ளே வந்து, ஆக்டிவ் டைரக்டரியே பதில் சொல்கிறது. கட்டுப்பாடும் செல்லும். ஆனால் அந்தக் கேள்வியை வாங்கித் தரும், உள்ளே ஓடும் ஏஜென்ட் புரோகிராம்கள் எல்லாம் நின்றுபோனால் லாகினும் நின்றுவிடும். ‘இந்த நேரத்தில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது யார்?’ என்ற கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போனேன். அப்புறம் ஒப்பீட்டு அட்டவணை எதையும் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

அதையே மற்ற எல்லாவற்றுக்கும் நீட்டினேன். ஒரே ஒரு லாகினை எடுத்து, அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை பின்தொடர்வது. டோக்கனை (லாகின் ஆனதும் கிடைக்கும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு) யார் கொடுத்தார், யாருக்காகக் கொடுத்தார், எதுவரை செல்லும் என்று ஒவ்வொரு படியிலும் கேட்பது.

இதற்கு ஒரு சின்ன லேப் கட்டாயம் வேண்டும். என் மடிக்கணினியில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் கீக்ளோக் என்ற லாகின் சர்வர் மென்பொருளை ஏற்றி, சாம்எல் வழியாக அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸோடு இணைத்தேன். தேர்வு மைக்ரோசாஃப்ட்டுடையதுதான், ஆனால் சாம்எல் எங்கும் ஒன்றே. முதல் நாள் வேலை செய்தது, மறுநாள் செய்யவில்லை. டோக்கன் வழங்கப்பட்ட 5 நிமிடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பிழைச் செய்தி. நான் பொத்தானை அழுத்தி 5 விநாடிகூட ஆகவில்லை. சான்றிதழை மாற்றிப் பார்த்தேன், ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகளை வகுக்கும் ரோலை அழித்து மறுபடி எழுதினேன். கடைசியில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, போகும் சாம்எல் பதிலை பேஸ்64 என்ற குறியீட்டு வடிவத்திலிருந்து பிரித்துப் படித்தேன். வழங்கிய நேரம் 11 நிமிடம் பின்னால் இருந்தது. இரவில் மடிக்கணினி சிறிது நேரம் தூங்கியபோது மெஷினின் கடிகாரமும் நின்றுவிட்டிருக்கிறது. நேரத்தைச் சரிசெய்ததும் லாகின் ஆனது. அந்த ஒரு மாலையில் இஸ்யூவர் (வழங்கியவர்), ஆடியன்ஸ் (யாருக்காக), காலாவதி நேரம் எல்லாம் கண்ணால் பார்த்தவை ஆகிவிட்டன. ஆக்டிவ் டைரக்டரியின் லாகின் நெறிமுறையான கெர்பரோஸில் கடிகார வித்தியாசம் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று படித்தபோது, அது தனியாக நினைவில் வைக்க வேண்டிய எண்ணாகவே இல்லை.

ஓஆத் 2.0 பலரைக் குழப்புகிறது, என்னையும் குழப்பியது. 2012இல் வந்த அந்த நெறிமுறை அனுமதி கொடுப்பதற்கானது. வந்திருப்பவர் யார் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்ல, அதன் மேல் ஓர் அடுக்காக 2014இல் ஓப்பன்ஐடி கனெக்ட் வந்தது. ஐடி டோக்கன், ஆக்சஸ் டோக்கன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடியன்ஸ் என்ற வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று உங்கள் செயலிக்கு எழுதப்பட்டது, இன்னொன்று அந்தச் செயலி தரவு கேட்டு அழைக்கும் ஏபிஐக்கு.

அனுமதி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆக்டிவ் டைரக்டரி குழுக்களை அப்படியே டோக்கனில் அனுப்பி ரோல்களாக மாற்றலாம் என்று தோன்றும். என்ட்ரா ஐடியில் ஒருவர் 200 குழுக்களுக்கு மேல் இருந்தால், சாம்எல் என்றால் 150க்கு மேல், பட்டியல் டோக்கனில் வராது. எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற குறிப்புதான் வரும். பழைய நிறுவனங்களில் குழுக்கள் இப்படிக் குவிந்து கிடப்பது சாதாரணம். செயலிக்கு ஒதுக்கிய குழுக்களை மட்டும் அனுப்புவது, அல்லது ஆப் ரோல்கள் (அந்தச் செயலிக்கென்றே வகுத்த ரோல்கள்) வைப்பது நல்லது.

கடைசியாக, வேலையை விட்டுப் போகிறவரின் லாகினையும் ஒரு முறை பின்தொடருங்கள். இதைப் பெரும்பாலானோர் படிக்காமல் விடுகிறார்கள். கணக்கை முடக்கினாலும், ஏற்கெனவே கொடுத்த ஆக்சஸ் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் வரை உயிரோடு இருக்கும். ‘உடனடியாக’ என்ற சொல் கேள்வியில் இருந்தால் முடக்குவது மட்டும் போதாது. செஷன்களையும் ரத்து செய்ய வேண்டும். அப்படியும் ஆக்சஸ் டோக்கன் காலாவதியாகும்வரை ஓடும். கன்டினியூவஸ் ஆக்சஸ் எவாலுவேஷனை (லாகினுக்குப் பிறகும் அனுமதியைச் சரிபார்க்கும் வசதி) ஏற்கும் செயலி என்றால்தான் அதற்கு முன்பே கதவு மூடும். இரண்டாம் முறை எழுதியபோது, ஒவ்வொரு சூழ்நிலையிலும் ‘உடனடியாக’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடைகளைப் படித்தேன்.