திரும்பிய கல்

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்கு என் மகனுக்கு ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவன் ‘தம்பி’. புதுச் சீருடையின் கழுத்துப் பட்டியில் தைத்திருந்த துணித்துண்டை பிளேடால் பிரித்து எடுத்தேன். அது உரசினால் தம்பிக்கு முள் குத்துகிற மாதிரி.

போன வருஷம் ஒரு பள்ளியில், “இந்த மாதிரிப் பிள்ளைக்கு எங்ககிட்ட வசதி இல்லை” என்று வாசலோடு அனுப்பினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அவனுக்கு இருக்கிற ஆட்டிசமும் உண்டு, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கலாம் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டையாவது போட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஜூன் 2, திங்கள்

பை, தண்ணீர் பாட்டில், கழிப்பறை, டீச்சர் முகம் என்று ஒரு வாரமாக எல்லாம் பழக்கினேன். மணியை மறந்துவிட்டேன். வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் கம்பியால் ஓங்கி அடிக்கிறார்கள். தம்பி காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அப்புறம் இரண்டு கையும் படபடவென்று ஆட ஆரம்பித்தன. சுற்றி நின்ற அம்மாக்கள் பார்த்தார்கள். நான் அவன் கைகளை இறுக்கிப் பிடித்து, “ஆட்டாதடா, ஆட்டாதடா” என்றேன். அவன் மணிக்கட்டில் என் விரல் பதிந்த சிவப்பு சாயங்காலம் வரை இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

போகவில்லை. வெள்ளைப் பணியாரம் மூன்று, சட்னி தொடாமல்.

ஜூன் 5, வியாழன்

டீச்சர் கூப்பிட்டுவிட்டார். இனி மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவனிடம் சொல்லிவிடுவாராம். கதவோரம் இடம். பிரேயர், பாடம், சாப்பாடு, வீடு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார். “கை ஆடட்டுமே! மத்ததுக நகம் கடிக்குதுக, பென்சிலைக் கடிக்குதுக. அதை யாரு கேக்குறா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தம்பி எப்போதும் சிவப்பில் மட்டும்தான் கால் வைப்பான். தரையெல்லாம் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. அந்தக் கல்லைச் செய்கிற இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனோம். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனை அரை நாளாக நகர்த்த முடியவில்லை.

இன்று நெல் காய்கிற மூலையில் குத்தவைத்து உட்கார்ந்தவன், “அப்பத்தா, இந்தப் பூ தப்பு” என்றான். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். நான்கில் ஒரு கல் திரும்பியிருக்கிறது. அதன் இதழ் மட்டும் வெளியே பார்க்கிறது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கூட்டித் துடைக்கிறவர் அவர். ஒரு நாளும் பார்த்ததில்லை.

“அடப்பாவி கொத்தன், எங்க மாமனாரையே ஏமாத்திட்டானே!” என்று சிரித்தார். “மாத்திருவோமா அய்யா?”

“வேணாம். அது அங்கயே இருக்கட்டும்.”

அந்தக் கல்லில் ஏறி நின்று கையை ஆட்டினான். நான் பிடிக்கவில்லை.

சான்றிதழில் ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை ஒரு நாள் இந்த வளவில் உட்கார வைக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

கூப்பிடப் போனபோது இன்னும் மணி அடிக்கவில்லை. ஜன்னலோரம் நின்றேன். பக்கத்து இடத்துப் பையன் தம்பியிடம், “நீ ஏன்டா கையை இப்படி ஆட்டுற?” என்றான். எனக்கு வயிறு கலங்கியது.

“சந்தோசம் வந்தா ஆடும்” என்றான் தம்பி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “உனக்கு ஆடாதா?”

அந்தப் பையன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சும்மா ஆட்டினான்.

“அப்படி இல்ல, விரலை விரிக்கணும்” என்று தம்பி திருத்திக்கொண்டிருந்தான்.