ரயில் டிக்கெட்டுக்குக் காசு போட்டது யார்?

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டப்படியும் பையர் விதிப்படியும் எல்லாம் நடக்கிறதா என்று, பார்க்கிறேன். ஜெர்மன் பையர் அனுப்பிய கேள்வித்தாளில் இந்தத் தடவை தையல் பிரிவோடு விடவில்லை. நூல் எந்த மில்லில் வாங்குகிறீர்கள், அங்கே ஆட்களைக் கூட்டி வருவது யார் என்று வரைக்கும் கேட்டிருந்தார்கள். 2023-ல் அவர்கள் நாட்டில் அமலான விநியோகச் சங்கிலிச் சட்டம் செய்த வேலை. மூணு வருஷம் மில் விடுதியில் இருந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொன்ன சுமங்கலித் திட்டம் இங்கே யாருக்குத் தெரியாது? "அதெல்லாம் அந்தக் காலமுங்க" என்றார் நூல் ஏஜென்ட். நானும் தலையாட்டினேன்.

முதல் தடவை அந்த நூல் மில்லுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுப் போனேன். வயசுச் சான்று, சம்பளப் பதிவேடு, பி.எஃப்., எல்லாம் பக்கா. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்: ஒடிசாப் பெண்கள் பதினொரு பேருக்கும் ஓவர்டைம் மாசாமாசம் ஒரே எண். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரியின் ஆளையே மொழிபெயர்க்க வைத்தது. எதைக் கேட்டாலும் "ஹேப்பியா இருக்காங்க சார்" என்றான். ரிப்போர்ட்டில் அதையே எழுதினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு வண்டிக்காக மில் வாசல் பெட்டிக்கடையில் நின்றிருந்தேன். விடுதிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வார்டனம்மா ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ஷாம்பு பாக்கெட் வாங்கிய பெண் மிச்சச் சில்லறையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "ஏ.டி.எம். கார்டெல்லாம் அந்தம்மா கையிலதானுங்க" என்றார் கடைக்காரர், சர்வசாதாரணமாக.

அடுத்த ஞாயிறு சொல்லாமல் போனேன், எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருக்கும், ஒடிசாவின் சுந்தர்கட் ஊர்க்கார அக்காவோடு. கொத்தடிமை, கடத்தல் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "வரும்போது டிக்கெட் யார் எடுத்தது?" என்று ஒரே கேள்விதான். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் மேஸ்திரி எடுத்த டிக்கெட், வீட்டில் கொடுத்த 8,000 ரூபாய் அட்வான்ஸ், ஏழு மாசம் உழைத்தும் அது கழியாதது, ஆபீஸ் பீரோவுக்குள் பூட்டிய ஆதார். பாட்டி செத்ததற்குக்கூட ஒரு பெண்ணை ஊருக்கு விடவில்லை.

மில்லுக்குத் தகவல் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு யூனிட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, முதலில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். நாலு பேருக்கு ஊருக்குப் போக வேண்டும். ஏழு பேருக்குக் கார்டு கைக்கு வந்தால் போதும், வேலை வேண்டும்.

கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று விடுவிப்புச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். முதல் நாள் அலைச்சல் வீண். மில் பக்கத்துக் கோட்டத்தில் வருகிறதாம். சரியான அலுவலகத்தில் கிளார்க் மனுவைப் படிக்காமலே, "மூணு வேளை சோறு போட்டு சம்பளமும் தர்றாங்க, எங்க சார் கொத்தடிமை? கடன் பத்திரம் இருக்கா?" என்றார். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அப்படிப் பத்திரமெல்லாம் கேட்கவில்லை. வாய்வார்த்தையாகக் கொடுத்த அட்வான்ஸே போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவன்தான், 15-வது பிரிவு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. மூணாம் தடவை அந்தப் பிரிவை அச்செடுத்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீலோடு போனேன். நாற்காலி போட்டார்கள். கம்பெனி லெட்டர்பேடில் மனு கொடுக்காதீர்கள். அந்தப் பெண்களே கையெழுத்திட்டுக் கொடுத்தால் மனுவுக்கு வலு அதிகம். வார்டன் நோட்டை அக்கா போனில் படம் பிடித்தது பெரிய உதவி.

இதற்கிடையே எங்கள் எம்.டி., "அந்த மில் நூலே வேண்டாம், கேன்சல் பண்ணு" என்று குதித்தார். அரை நாள் மல்லுக்கு நின்றேன். நாம் கழன்றுகொண்டால் நம் ஆடிட் சுத்தமாகிவிடும். மேஸ்திரி அதே பெண்களை வேறு மில்லில் இறக்குவான், நமக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் ஆர்டர் தொடர்ந்தது: கார்டும் ஆதாரும் அவரவர் கையில், மேஸ்திரி கமிஷனும் ரயில் செலவும் மில் தலையில், அட்வான்ஸ் ரத்து.

நாலு பேருக்கும் சான்றிதழ் வந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூணு பேருக்கு அரசின் உடனடி நிவாரணம் தலா 30,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. நாலாவது பெண்ணின் பெயரில் அலுவலகத்தில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். பாஸ்புக்கோடு ஒத்துப்போகவில்லை என்று பணம் திரும்பிவிட்டது. வருகிற திங்கள் குறைதீர் நாளில் மறுபடி போகிறேன். ஆதார் நகல் நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.