கோர்ட்டில் தண்ணீர் நிற்கும் நாட்கள்

நவம்பர் 3
என்னிடம் டென்னிஸ் பழகும் பையனுக்கு முதுகுவலி. ஸ்கேன் வியாழக்கிழமை. அதுவரை சர்வ் கிடையாது.

நவம்பர் 4
ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெதுவாகப் பின்னால் வளையச் சொன்னேன். வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் நின்றதும் முகம் சுருங்கியது. இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம், ஒரே விரலால் தொட்டுக் காட்டினான். தசைப்பிடிப்பு என்றால் பிள்ளைகள் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். விரல் வைத்து இடம் சொன்னால் எலும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். வலக்கை ஆட்டம், பதினாறு வயது, பந்தைச் சுழற்றி உயர எகிற வைக்கும் கிக் சர்வ். எல்லாம் பொருந்துகிறது. பொருந்தாமல் இருந்தால் தேவலை.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களாம். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே பல நேரம் காட்டாது. எலும்புக்குள் நீர் கோத்திருப்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

நவம்பர் 5
விடாத மழை. பழைய டென்னிஸ் வீரர் இவான் லெண்டில் நினைப்பாகவே இருக்கிறது. 270 வாரம் உலகின் முதலிடம், எட்டு கிராண்ட்ஸ்லாம். 1982 முதல் 1989 வரை ஒரு வருஷம்கூட விடாமல் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம். அதே அமெரிக்க ஓப்பனில் 1994இல் இரண்டாம் சுற்றில் முதுகுவலியால் பாதியில் விலகினார். அதோடு சரி. 34 வயது.

2012இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். தன் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்களிலும் தோற்றவர், அதேபோல் முதல் நான்கிலும் தோற்ற பிரிட்டன் வீரர் ஆண்டி முர்ரேயைத் தேற்றினார் என்று எல்லோரும் அந்த ஒற்றுமையைத்தான் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. லெண்டிலுக்கு ஒற்றைக்கை பேக்ஹேண்ட், முர்ரேக்கு இரட்டைக்கை. அதை அவர் தொடவே இல்லை. ஃபோர்ஹேண்டைத் தயங்காமல் அடி என்பதில்தான் நின்றார். தன் ஆட்டத்தை அடுத்தவன் உடம்பில் திணிக்கவில்லை.

நவம்பர் 6
எடுத்தாயிற்று. ரிப்போர்ட் சனிக்கிழமை.

நவம்பர் 7
தூக்கம் வரவில்லை. ஆகஸ்ட் மாத வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன்.

கோளாறு டாஸில், அதாவது சர்வுக்குப் பந்தை மேலே போடுவதில். கிக் சர்வுக்குப் பந்து தலைக்கு மேலே, லேசாக இடப்பக்கம் இருந்தால் போதும். இவன் பந்தை அடிக்காமல் விட்டால் அது இடது குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் விழும். அதைப் பிடிக்க உடம்பு பின்னால் போக வேண்டும். முழங்கால் மடங்கி, இடுப்பு முன்னால் போய், மேல்முதுகும் சேர்ந்து வளைந்தால் பாரம் பிரிந்துவிடும். இவன் முழங்கால் மடங்குவதே இல்லை. வளைவு முழுக்கக் கீழ்முதுகில் ஒரே இடத்தில். வளைந்த நிலையிலேயே திரும்பவும் செய்கிறான். வளைவும் திருகலும் ஒன்றாகச் சேரும் அந்த நொடியில்தான் கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பான எல்5 எலும்பின் பின்பக்க மெல்லிய பாலம் நசுங்குகிறது. வலக்கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்.

பின்னால் போடு, நல்லா வளை, பந்து எகிறும். இதைச் சொன்னது நான்.

நவம்பர் 8
எல்5, இடப்பக்கம். நீர் கோத்திருக்கிறது, விரிசல் விழவில்லை. மூன்று மாதம் சர்வும் ஸ்மாஷும் கூடாது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "டிசம்பர் டோர்னமென்ட்டுக்குப் பேர் குடுத்தாச்சே சார்?"

வாபஸ் வாங்கச் சொன்னேன்.

நவம்பர் 10
நோட்டைப் புரட்டினேன். அக்டோபரில் ஒரு நாள் 180 சர்வ். மறுநாள் 200. ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் 160. மூன்று செட் ஆட்டம் இழுத்தால்கூட நூற்றுச் சொச்சம்தான் வரும். கிரிக்கெட்டில் வேகப்பந்து போடும் பையன்களுக்கு இதே எலும்பில்தான் அடிபடுகிறது, அதனால் அங்கே வாரத்துக்கு இத்தனை ஓவர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் பந்துக் கூடை காலியாகும்வரை போடு என்கிறோம்.

நவம்பர் 11
மழை.

நவம்பர் 14
2013 விம்பிள்டன் இறுதி ஆட்டம், மறுபடியும். பயிற்சியாளர்கள் உட்காரும் பெட்டியில் லெண்டிலின் முகம் கல்லாக இருக்கிறது. அப்போது வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. 2025 ஜனவரியிலிருந்து பாயிண்டுகளுக்கு நடுவே சொல்லலாம். நல்ல மாற்றம்தான். ஆனாலும் அந்த வாய் திறக்காமை எனக்கு வேண்டும்.

77 வருஷத்துக்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ்காரருக்குக் கிடைத்த ஆண்கள் ஒற்றையர் கோப்பை அது. அது ஜூலை. செப்டம்பரில் முர்ரேக்கு முதுகில் அறுவை சிகிச்சை.

நவம்பர் 17
டாக்டர் அனுமதித்த ஒரே டென்னிஸ் வேலை, டாஸ். ராக்கெட்டைத் தரையில், இடது கால் கட்டைவிரலுக்கு நேர் முன்னால் வைத்தோம். இடக்கையை முழங்கை மடங்காமல் தூக்க வேண்டும், கண் உயரத்தில் விரல்களைத் திறந்து பந்தை விட வேண்டும். மணிக்கட்டைச் சுண்டினால் பந்து சுழன்று பின்னால் போகும். சரியாகப் போனால் ஸ்டிரிங் மேல் விழுந்து ஒரு சின்னத் துள்ளல். நாற்பதில் பதினான்கு.

நவம்பர் 20
பிப்ரவரிக்கான அட்டவணை, வலி இல்லை என்று டாக்டர் சொன்னால் மட்டும். முதல் இரண்டு வாரம் சர்வீஸ் லைனில் நின்று பாதி வேகம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 பந்து. அடுத்து பேஸ்லைனில் 30, நேராக அடிக்கும் ஃபிளாட்டும் பக்கவாட்டில் சுழலும் ஸ்லைஸும். கிக் ஆறாவது வாரத்துக்கு முன் கிடையாது, அதுவும் பத்து. மறுநாள் காலை வலித்தால் ஒரு படி கீழே.

"எனக்கு இப்ப வலிக்கவே இல்ல சார்" என்கிறான். பயமாக இருக்கிறது.

நவம்பர் 24
மழை விட்டிருக்கிறது. நாற்பதில் முப்பத்தொன்று ராக்கெட் மேல். மீதி ஒன்பதும் பின்னால்.