எத்தனை பேரில்?

ஜனவரி 6

பொதுச் சுகாதார ஆய்வு முறைகள், முதல் வகுப்பு. சூத்திரங்களாகக் கொட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே போனேன். ஆசிரியை பலகையில் ஒரே வரி எழுதினார்: "120 பேருக்குக் காய்ச்சல். என்ன செய்வீர்கள்?" மருந்து, முகாம், விழிப்புணர்வு என்று ஆளாளுக்கு அடுக்கினோம். "எத்தனை பேரில் 120?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளியில் பின்னக் கோட்டுக்குக் கீழே எழுதிய பகுதி இவ்வளவு பெரிய ஆள் என்று அப்போது தெரியாது.

ஜனவரி 9

ஜான் ஸ்னோ என்ற ஆங்கிலேய மருத்துவர். 1854 லண்டன் காலரா. பிராட் தெருவில் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது என்றுதான் கேட்டிருந்தேன். பாதிக்கதை. செப்டம்பர் 8 அன்று கழற்றும்போதே சாவுகள் இறங்கிக்கொண்டிருந்தன; பலர் அந்த வட்டாரத்தைவிட்டே ஓடியிருந்தார்கள். ஸ்னோவே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே மனிதரைப் பிடித்துப்போனது.

அவருடைய அசல் வேலை தென் லண்டனில். ஒரே தெருக்களில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி, தேம்ஸில் நீர் எடுக்கும் இடத்தைக் கழிவு கலக்காத மேற்பகுதிக்கு 1852இல் மாற்றிக்கொண்டது. சதர்க் - வாக்ஸால் மாற்றவில்லை. அடுத்தடுத்த வீடுகள், ஒரே மாதிரி ஜனங்கள், தண்ணீர் மட்டும் வேறு. செத்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று வாசல் வாசலாய்க் கேட்டிருக்கிறார். தெரியாதென்றால் தண்ணீரில் உப்பைச் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார். 10,000 வீட்டுக்குச் சதர்க் - வாக்ஸால் பக்கம் 315 சாவு, லாம்பெத் பக்கம் 37. காலராக் கிருமியை அவர் காட்டவேயில்லை. தேவையும் படவில்லை.

ஜனவரி 14

இன்று கணக்கு என்னைப் படுத்தியெடுத்தது. நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும் பரிசோதனை. நோயில்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாகப் பிடிக்கும். நல்ல பரிசோதனைதானே என்றேன். 10,000 பேரில் 100 பேருக்குத்தான் நோய் என்று வைத்துப் போடச் சொன்னார். சரியாகப் பிடிபடுவோர் 90. வீணாகப் பிடிபடுவோர் 495! "உங்களுக்கு இருக்கிறது" என்று சொல்லப்பட்டவர்களில் ஆறில் ஐந்து பேருக்கு இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜனவரி 16

எனக்கே காய்ச்சல். தொகுதி 1, பகுதி 1.

ஜனவரி 21

பீட்டா கரோட்டின் கதை. காய், பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கண்டு, அதிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல்போலப் பிரித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்று 18 சதவீதம் அதிகம்.

"அப்போ எல்லாத்துக்கும் சோதனை முடியட்டும்னு காத்திருக்கணுமா?" என்று பக்கத்து பெஞ்சுத் தோழி சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி. யாரையும் குலுக்கலில் பிரித்துச் சிகரெட் கொடுத்துப் பார்க்க முடியாதே. புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி டால், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950இல் நோயாளிகளிடம் பழைய பழக்கத்தை விசாரித்துத்தான் எழுதினார்கள்.

ஜனவரி 27

முடிவெடுக்கும் அதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பயிற்சி. எச்சரிக்கையாக "மேலும் ஆய்வு தேவை" என்று முடித்திருந்தேன். தாள் திரும்பி வந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: "அதுவரை?"

இரண்டாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி பதினொன்றரை.