சூயஸில் மரம் கிடையாது

16-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியத் துருக்கியருக்கும் போர்த்துகீசியருக்கும் நடந்த இந்தியப் பெருங்கடல் போட்டி என்றாலே தளபதிகளின் பெயர்களும் பீரங்கிகளின் கணக்கும்தான் முதலில் பேச்சுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு கேள்வி. உஸ்மானியரின் செங்கடல் துறைமுகமான சூயஸில் கப்பல் கட்ட மரம் எங்கிருந்து வந்தது?

1517-ல் உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீம் எகிப்தைப் பிடித்தபோது, அதுவரை அதை ஆண்ட மம்லூக்குகளின் செங்கடல் துறைமுகங்களும் அவற்றின் தொல்லைகளும் சேர்ந்தே அவர் கைக்கு வந்தன. சூயஸைச் சுற்றி வெறும் பாலைவனம். குடிநீரைக்கூட ஒட்டகத்தில்தான் கொண்டுவர வேண்டும். அனத்தோலியாவின் தென்கரை மலைகளில் வெட்டிய மரம் கடல் வழியாக எகிப்துக்கு வரும். அங்கிருந்து நைல் நதியில் படகேறிக் கெய்ரோ. அதற்கப்புறம் சுமார் 130 கிலோமீட்டர் மணலைத் தாண்ட வேண்டும். இரும்பு, தார், கயிறு, பாய்த்துணி என எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். எதிர்த்தரப்புக்கோ கோவாவிலும் கொச்சியிலும் தேக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போர்த்துகீசியர் ஒரு கப்பலை இழந்தால் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம். சூயஸில் இழந்த கப்பலை ஈடுகட்டுவது அவ்வளவு எளிதல்ல.

இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியதும் பெரும்பாலும் ‘கதிர்கா’ என்ற துடுப்புக் கப்பல்தான். நீளம் 40 மீட்டர் அளவு, அகலம் ஐந்தாறு மீட்டர்தான், நீர்மட்டத்துக்கு மேல் கொஞ்சம்தான் தெரியும். பக்கத்துக்கு 24, 25 துடுப்புகள். ஒவ்வொன்றையும் மூன்று பேர் வலித்தால் துடுப்பு வலிப்பவர்களே சுமார் 150 பேர். வீரர்களையும் மாலுமிகளையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டிவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் ஒரு நாளைக்கு 400 லிட்டர், பத்து நாளைக்கு 4 டன் தண்ணீர். அந்த வெயிலில் துடுப்பு வலிப்பவனுக்கு 2 லிட்டர் எந்த மூலைக்கு? பீப்பாய்களை அடுக்கவும் அந்தக் கப்பலில் இடமில்லை. ஆகவே சில நாளைக்கொரு முறை கரை தொட்டே ஆகவேண்டும். மத்தியதரைக் கடலில் அது பிரச்சினையில்லை. அரேபியாவின் தென்கரையில் தண்ணீர் கிடைக்கும் துறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதற்காகக் கதிர்காவை மட்டமாக நினைத்துவிடக் கூடாது. காற்று அடங்கிய நேரத்தில், ஆழமில்லாத கடலில், பவளப்பாறைகளுக்கு நடுவே அதற்கு நிகர் எதுவுமில்லை. கனமான பீரங்கியை அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நட்டநடுவே வைத்திருப்பார்கள். குறி வைக்க வேண்டுமென்றால் கப்பலையே திருப்புவார்கள். ‘பீரங்கி’, ‘பறங்கி’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது இந்தக் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது காற்று. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுக்க வடக்கிலிருந்துதான் காற்று அடிக்கும். சூயஸிலிருந்து தெற்கே போவது சுலபம், திரும்புவதுதான் பெரும்பாடு. ஏடனிலிருந்து குஜராத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று தணியும் ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். திரும்ப வடகிழக்குப் பருவக்காற்று நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1538-ல் எகிப்தின் உஸ்மானிய ஆளுநர் ஹாதிம் சுலைமான் பாஷா இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டார். ஜூனில் சூயஸை விட்டு, ஆகஸ்டில் ஏடனை அடைந்து, செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 70 கப்பல்களோடு, குஜராத் கரையில் போர்த்துகீசியர் கோட்டை வைத்திருந்த தியூவின் முன் நின்றார்.

அவர் தவறியது வேறு இடத்தில். வழியில் ஏடனின் ஆட்சியாளர் ஆமிர் பின் தாவூதைக் கப்பலுக்கு வரவழைத்துத் தூக்கிலிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார். அந்தச் செய்தி குஜராத்துக்கு எட்டியதும், துணைக்கு நிற்க வேண்டியவர்களே ‘நாளைக்கு நமக்கும் இதே கதிதானே’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தானியம் வருவது நின்றது. கோட்டைக்குள் போர்த்துகீசியத் தலைவர் அன்டோனியோ டா சில்வேராவிடம் சண்டை போடும் நிலையில் இருந்தவர்கள் கடைசியில் சுமார் 40 பேர்தான். அது வெளியே தெரியாது. கோவாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வருகின்றன என்ற பேச்சு மட்டும் காதில் விழ, நவம்பர் தொடக்கத்தில் பாஷா நங்கூரத்தை எடுத்துவிட்டார். அவர் விட்டுப்போன பீரங்கிகளில் ஒன்றை ஜூனாகட் உபர்கோட் கோட்டையில் இன்றும் பார்க்கலாம். ‘நீலம்’ என்று பெயர், நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். 1531-ல் எகிப்தில் ஹம்ஸாவின் மகன் முஹம்மது வார்த்தது என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. அவ்வளவு கனத்தை அத்தனை தூரம் சுமந்து வந்து, வெற்றிக்குச் சில நாள் முன்னால் விட்டுப்போயிருக்கிறார்கள்.

1546-ல் உஸ்மானியர் பாரசீக வளைகுடா முனையிலுள்ள பஸ்ராவைப் பிடித்தது பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது, ஆனால் கடற்படைக்கு அது ஒரு பொறி. அங்கிருந்து வெளியேற ஹோர்முஸ் நீரிணை ஒன்றுதான் வழி, அதன் வாயிலிலேயே போர்த்துகீசியர் கோட்டை. 1552-ல் உஸ்மானியத் தளபதி பீரி ரெய்ஸ் சூயஸிலிருந்து சுமார் 30 கப்பல்களோடு வந்து மஸ்கட்டைப் பிடித்தார். ஹோர்முஸ் கோட்டை விழவில்லை. பஸ்ராவில் ஒதுங்கியவர் கடற்படையை அங்கேயே விட்டுவிட்டு இரண்டே கப்பல்களோடு சூயஸ் திரும்பினார். கெய்ரோவில் அவர் தலை வெட்டப்பட்டது. மிஞ்சிய கப்பல்களை மீட்க 1554-ல் ஸெய்தி அலி ரெய்ஸ் 15 கதிர்காக்களோடு பஸ்ராவிலிருந்து கிளம்பினார். மஸ்கட் அருகே நடந்த சண்டையில் ஆறு போயின. மீதி ஒன்பதும் கரையை விட்டு விலகி, மாலுமிகள் ‘யானைப் புயல்’ என்று அழைக்கும் பருவப் புயலில் சிக்கின. தாழ்ந்த, ஒடுக்கமான கப்பலுக்கு நடுக்கடல் அலை எமன். சிதைந்து குஜராத்தில் கரையேறியவர் தரை வழியாகவே பயணித்து 1557-ல்தான் ஊர் சேர்ந்தார்.

இதே பாடு செங்கடலுக்குள் போர்த்துகீசியருக்கும் இருந்தது. 1513-ல் அவர்களின் ஆளுநர் அல்புகெர்க் ஏடன் மதிலில் சாத்திய ஏணிகள் ஆட்களின் கனம் தாங்காமல் முறிந்தன. 1517-ல் ஜித்தாவின் பாறைக் கால்வாயைக் கரையிலிருந்த துருக்கியத் தளபதி ஸல்மான் ரெய்ஸின் பீரங்கிகள் காக்க, பெரிய கப்பல்கள் நெருங்கவே முடியவில்லை. 1541-ல் எஸ்தெவாவ் ட காமா பெரிய கப்பல்களை மசாவாவில் நிறுத்திவிட்டுச் சிறிய துடுப்புக் கப்பல்களில் சூயஸ் வரை போனார். அவரும் அந்தக் கடலில் துடுப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அங்கே காவல் பலமாக இருந்ததால் வெறுங்கையோடு திரும்பினார். ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்போம் என்று மிரட்டியும் மிளகு செங்கடலுக்குப் போவது நிற்கவில்லை. 1560-களில் சுமத்ராவிலிருந்த அச்சே அரசின் கப்பல்கள் மாலத்தீவு வழியே சுற்றி அதைக் கொண்டுபோயின.

அந்த அச்சேதான் இஸ்தான்புல்லிடம் பீரங்கியும் ஆட்களும் கேட்டது. 1567-ல் குர்தோக்லு ஹிஸிர் ரெய்ஸ் தலைமையில் 15 கதிர்காக்கள் அனுப்ப ஆணை வந்தது. 1568 ஜனவரியில், மத்தியதரைக் கடலிலிருந்து சூயஸுக்குக் கால்வாய் வெட்ட முடியுமா, நீளம் எவ்வளவு, எத்தனை கப்பல் அருகருகே போகலாம் என்று அளந்து சொல்லும்படி எகிப்தின் ஆளுநருக்கு இன்னோர் ஆணை போனது. வெட்டியிருந்தால் ஒட்டகத்துக்கு வேலையே இருந்திருக்காது. அதற்குள் ஏமனில் கலகம் மூண்டுவிட்டது. அச்சேவுக்கென்று ஒதுக்கிய கப்பல்கள் ஏமனுக்குத் திருப்பிவிடப்பட்டன, கால்வாய் கடிதத்தோடு நின்றது.