கணவர் விட்டுச்சென்ற ஏழு கார்களை விற்ற அனுபவம்

என் கணவர் காலமானபோது கொட்டகையில் ஏழு பழைய கார்கள் நின்றன. 1926-ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் டி, ஓர் ஆஸ்டின் செவன், 1938 செவர்லே, ஒரு சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான், இரண்டு மாரிஸ் மைனர், 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார், நான் பக்கத்தில் அமர்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அப்படித்தான் அவற்றின் குணம் எனக்கும் பழகியது. ஏழு கார்களையும் அனுப்பிவைக்கப் பதினாறு மாதங்கள் ஆயின. என் நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதங்கள் காகிதத்திலேயே கழிந்தன. கார்கள் அனைத்தும் அவர் பெயரில் இருந்தன. வாரிசு உரிமை முடிவாகி என் பெயருக்கு மாறாமல் ஒன்றையும் விற்க முடியாது. அடுத்தது எண்கள். ஒவ்வொரு காரிலும் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பல வருடத்துக் கிரீஸைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் கறுப்பில் வெள்ளையாக எழும்பி வரும். ஒரு மாரிஸ் மைனரில் இன்ஜின் எண் ஒத்துப்போகவில்லை. பழைய இன்ஜின் பழுதானபோது அவர் வேறொன்றைப் பொருத்தியது எனக்கு நினைவிருக்கிறது. பதிவில் மாற்றத்தான் மறந்துவிட்டார். அதைச் சரிசெய்யவே ஆறு வாரங்கள். வாங்க வந்தவர் கண்டுபிடித்திருந்தால் திருட்டு இன்ஜின் என்று நினைத்திருப்பார்.

விலையில்தான் நான் பெரிதும் தவறினேன். கோப்பில் ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. அந்தத் தொகைதான் கிடைக்கும் என்று நம்பினேன். அது காப்பீட்டுக்காகப் போட்ட மதிப்பு. கார் எரிந்துபோனால் அதே போன்ற ஒன்றைத் தேடி வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. விற்கப்போனால் கிடைக்கும் தொகை வேறு. 1955-இல் செய்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போன செய்தி உறவினர்கள் மனத்தில் நின்றுவிட்டது. உலகில் இரண்டே இரண்டு இருக்கும் காரின் விலைக்கும் நம் கொட்டகைக்கும் தொடர்பில்லை என்று அவர்களுக்குப் புரியவைக்கவே பல மாலைகள் போயின. மாடல் டி மட்டும் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. பழையது என்பதாலேயே ஒரு பொருள் அரியதாகிவிடாது.

புதிதாக மதிப்பிட வந்த பெரியவர் மூன்று மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது என்றார். இளமையில் எந்தக் காரை ஏக்கத்தோடு பார்த்தோமோ, கையில் பணம் வந்ததும் அதைத்தான் தேடுவோம். செவர்லேயை அப்படிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. இப்போது நாற்பதைத் தொடுகிறவர்கள் தேடுவது எண்பதுகள், தொண்ணூறுகளின் ஜப்பானிய கார்களை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா முப்பது வயதானாலே வரலாற்று வாகனமாகக் கணக்கில் எடுக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் புதிய வரவுகள் சேர்கின்றன. வாங்குகிறவர்கள் அந்த அளவுக்குச் சேரவில்லை. இதோடு ஆறு வோல்ட் விளக்கின் மங்கல் வெளிச்சம், இழுத்து மிதித்தால்தான் நிற்கும் பிரேக், இரண்டு முறை கிளட்ச் மிதித்து மாற்ற வேண்டிய கியர். இன்றைய சாலையில் இவற்றோடு போகப் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

செவர்லேயை ஏலத்துக்கு அனுப்பினேன். ஒப்பந்தத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை. விற்றால் என்னிடம் கமிஷன், வாங்குபவரிடம் தனிக் கட்டணம். வாங்குபவர் அதையும் கணக்கிட்டுத்தான் கை தூக்குவார் என்பதால், சுற்றி வளைத்து அதுவும் என் தொகையிலிருந்துதான் போகிறது. விற்காவிட்டாலும் பட்டியலில் படம் போட்டதற்கும் வண்டியை ஏற்றி இறக்கியதற்கும் நான் பணம் கட்ட வேண்டும். பழைய அறிக்கையைப் பார்த்துக் குறைந்தபட்ச விலையை உயர்த்தி வைத்திருந்தேன். ஏலம் கேட்டவர்களின் தொகை அதன் பாதியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. கார் திரும்பி வந்தது. ஏலத்தில் போகாத கார் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு விசாரித்த இருவரும் முதலில் கேட்டதே அதைத்தான்.

ஒரு வியாபாரி ஏழு கார்களையும் மொத்தமாக எடுப்பதாகச் சொன்னார். பேச்செல்லாம் என் கொழுந்தனாரோடுதான். டிராக்‌ஷன் அவானின் கியர்பாக்ஸைப் பற்றி நான் சொன்ன பதிலை அந்த வியாபாரி காதிலேயே வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, பீட்டிலும் சிட்ரோயனும் மட்டும் போதும் என்றார். எளிதில் போவதை முதலில் விட்டுவிட்டால் மற்றவை நம் தலையில் நிற்கும். மறுத்துவிட்டேன். ஓர் அருங்காட்சியகத்துக்கும் எழுதினேன். வைக்க இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அதன் பிறகு வழியை மாற்றினேன். ஒவ்வொரு காரையும் அந்தந்த ரகத்தின் உரிமையாளர் சங்கத்துக்கே எடுத்துச்சென்றேன். விளம்பரத்தில் குறைகளை முதலில் எழுதினேன்: எங்கே துரு, எங்கே எண்ணெய் ஒழுக்கு, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று. குளிர்ந்த இன்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்வதைக் காட்டும் காணொளியையும் சேர்த்தேன். பீட்டில் ஒன்பது நாளில் போயிற்று. அதன் உதிரிபாகங்கள் இன்றும் எங்கும் கிடைக்கின்றன. மைனர்கள் இரண்டும் ஒரே குடும்பத்துக்குப் போயின. ஆஸ்டினும் சிட்ரோயனும் நான் நினைத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு. பணம் வங்கியில் உறுதியான பிறகே சாவியைக் கொடுத்தேன். கேட்டதற்கு மேல் அனுப்பிவிட்டு, மிச்சத்தை லாரிக்காரரிடம் கொடுங்கள் என்ற ஒருவருக்குப் பதிலே எழுதவில்லை. இப்படிக் கேட்பவர் யாராயினும் விலகிவிடுங்கள்.

செவர்லேயைத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். மாணவர்கள் கழற்றி மாட்டிப் பழகுகிறார்கள்.

மாடல் டியைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். இருவர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக வந்தவர் முப்பது வயதுப் பெண், லேத் பட்டறை வைத்திருப்பவர். "அம்மா, எனக்குக் கற்றுக்கொடுப்பீர்களா?" என்று கேட்டார். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும், தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் நெம்புகோலை முழுக்க மேலே தள்ளச் சொன்னேன். அதை மறந்தால், இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று கையால் சுற்றும் ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பெட்டி வண்டுபோல் ரீங்கரித்தது. நான்காவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நெம்புகோலை மெல்லக் கீழே இறக்கினார், சத்தம் சீரானது. மூன்று பெடல்களில் நடுவில் இருப்பதுதான் ரிவர்ஸ் என்பதை ஐந்து முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சொன்ன விலை மற்றொருவர் சொன்னதைவிடக் குறைவு. அவருக்கே கொடுத்தேன். உதிரிபாகப் பெட்டிகளையும் என் கணவர் கைப்பட எழுதிவைத்த குறிப்பேட்டையும் காரோடு சேர்த்தேன். தனியாக விற்றால் பெட்டிகளுக்குத் தொகை கிடைத்திருக்கும். ஆனால் அவை இல்லாத கார் இன்னொரு கொட்டகையில் தூங்கப்போகும். பெயர் மாற்றம் முடிந்து எழுத்தில் வரும்வரை காப்பீட்டை நிறுத்தவில்லை.

போன மாதம் ஒரு குளிர்ந்த காலையில் அழைத்தார். ஹேண்டிலைச் சுற்றினால் கார் தன்மேல் நகர்ந்து வருகிறது என்றார், குரலில் பயம். குளிரில் எண்ணெய் கெட்டியாகிக் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும் என்றேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டுச் சுற்றச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழைப்பு. அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.