காட்பாடியிலிருந்து சலமான்கா: ஒரு செமஸ்டர் ஸ்பானிஷ்

ஸ்பெயினின் சலமான்காவுக்கு ஒரு செமஸ்டர் ஸ்பானிஷ் படிக்கப் போகிறீர்களா? பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் பலருக்கும் அது காலிதான். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் பின்னால் இருக்கும். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்: ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. விண்ணப்பத்திலும் அதற்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் இனிஷியலை எழுதிவிட்டால் சேர்க்கைக் கடிதம் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் நிற்கும். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள். அப்பா பெயர் முதல் கட்டத்துக்குப் போகட்டும், இரண்டாவது காலியாகவே இருக்கட்டும். காப்பீடு, வங்கிச் சான்று எல்லாவற்றிலும் அதே எழுத்து வரிசை வர வேண்டும்.

அடுத்தது விசாவுக்கான நாள் கணக்கு. 180 நாளுக்குள் முடியும் படிப்பென்றால் காகித வேலை பாதியாகக் குறையும். அதைத் தாண்டினால் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் உறுதி) முத்திரையிட்ட காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று இரண்டும் வேண்டும். போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான பருவம் 180-க்குள் அடங்கிவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு அதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. செலவுக்கு மாதம் 600 யூரோ கணக்கில் பணம் காட்ட வேண்டும். கடைசி வாரத்தில் கணக்கில் மொத்தமாக வந்து விழும் தொகை சந்தேகத்தையே கிளப்பும். காப்பீட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு செல்லாது. ஸ்பெயினில் செயல்பட அனுமதி பெற்ற நிறுவனத்தின் முழு மருத்துவக் காப்பீடு வேண்டும், அதில் நம் கையிலிருந்து பங்கு கட்டும் நிபந்தனை எதுவும் இருக்கக்கூடாது.

மொழிக்கு வருவோம். ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். ‘மே குஸ்தா எல் காஃபே’ என்பது வார்த்தைக்கு வார்த்தை ‘எனக்குக் காபி பிடிக்கும்’தான். ‘மே துவேலே லா கபேஸா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ஆங்கிலேய மாணவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் இது, நமக்கு வீட்டுப் பேச்சு. ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ‘து’, ‘உஸ்தெத்’ இரண்டும் நம் நீ, நீங்கள் போலத்தான்.

ஆங்கிலத்தின் ‘to be’-க்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள். எல்லோரையும் படுத்துகிற அந்த ‘ஸெர்’, ‘எஸ்தார்’ வேறுபாட்டுக்கும் தமிழில் ஒரு பிடி இருக்கிறது. ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் முடிகிற இடத்தில் ஸெர். ‘வீட்டில் இருக்கிறார்’, ‘காபி சூடாக இருக்கிறது’ என்று ‘இரு’ வருகிற இடத்தில் எஸ்தார். ‘உயரமாக இருக்கிறார்’ போன்ற நிலையான இயல்புகளில் மட்டும் இந்த விதி கைவிட்டுவிடும், அங்கே ஸெர்தான்.

உச்சரிப்பில் ட-வை மறந்துவிடுங்கள், அவர்களுடையது நம் த. ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்பதன் நடு எழுத்து ‘அது’வில் வரும் ‘து’ போல மெலியும். ஆனால் காலணியைக் குறிக்கும் ‘ஸபாத்தோ’வில் மெலியாது. (ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் கவனிக்க: அதுதான் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த ‘சப்பாத்து’. மேசையும் அலமாரியும் அப்படி வந்தவையே. ஸ்பெயினின் காலணி ஊர்களான எல்சே, எல்தா பக்கம் வியாபாரம் பேச இந்த மொழி நேரடியாகக் கைகொடுக்கும்.) நமக்குச் சிக்கல் ர-வில். பேச்சில் ர, ற இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’. நாக்கு நுனி துடிக்கும் அந்த நீண்ட ர்ர்-ஐ ஊரிலேயே தினம் பத்து நிமிடம் பழகுங்கள். பெயர்ச்சொற்களின் பால் இன்னொரு தலைவலி. நமக்கு மேசை அஃறிணை, அவர்களுக்குப் பெண்பால். ‘மேஸா’ என்று தனியாகப் படிக்காமல் ‘லா மேஸா’ என்றே மனப்பாடம் செய்யுங்கள்.

தங்குவதற்கு விடுதியைவிடக் குடும்ப வீடு மேல், சாப்பாட்டு மேசையில்தான் காது திறக்கிறது. மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல். சைவம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். ‘நோ கோமோ நி கார்னே நி பெஸ்காதோ’, அதாவது இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று முழுதாகச் சொல்லுங்கள். ‘லென்தேஹாஸ்’ பார்க்க நம் பருப்புக் குழம்பு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே சொரீஸோ என்கிற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும்.

சலமான்கா 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். சுமார் 800 மீட்டர் உயரம், பிப்ரவரி இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வேலூர் வெயிலில் வாங்கும் ஸ்வெட்டர் அதற்குப் பத்தாது. கனமான கோட்டை அங்கே போய், ‘ரெபாஹாஸ்’ எனும் குளிர்காலத் தள்ளுபடியில் வாங்குங்கள்.

இன்டர்காம்பியோ என்று ஒரு வழக்கம் உண்டு: அரை மணி நேரம் அவர் மொழி, அரை மணி நேரம் நம் மொழி. முதல் வாரத்திலேயே ஒருவரைப் பிடித்துவிடுங்கள். இந்தியர் கூட்டத்திலேயே இருந்தால் செமஸ்டர் முடிந்தாலும் வாய் வராது.

ஊர் திரும்பும் முன், கிரெடிட், மணி நேரம், பாடத்திட்டம் மூன்றும் முத்திரையோடு உள்ள சான்றைக் கையில் வாங்கிவிடுங்கள். இங்குள்ள கல்லூரி அதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடும். ஸ்பானிஷ் மொழித் தேர்வுச் சான்றும் வேண்டுமென்றால் டெலே, சியெலே என இரண்டு தேர்வுகள் உண்டு: டெலே காலாவதி ஆகாது, சியெலே ஐந்து ஆண்டுகள் செல்லும்.